மூன்றாவது முடிச்சும் ஆறு ஸ்பீக்கர் பெட்டியும்

தொழிலாளியின் நலனே நிறுவனத்தின் நலன் என்று எங்கள் தராசு ஃபேக்டரி வாசலில் மூன்று பாஷையில் எழுதிப் போட்டிருக்கும். அந்த நலன் என்றைக்கு, எந்தப் பக்கமாக வந்து சேரும் என்று மட்டும் எழுதியிருக்காது. 2003-ஆம் வருஷம் அது கோரமங்களா பக்கமாக வந்தது.

எங்கள் ஜெனரல் மேனேஜருக்குக் கோரமங்களாவில் ஒரு மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு சனிக்கிழமை மாமனாரைக் கூப்பிட்டு சோபாவில் உட்காரவைத்து, புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டரில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். படத்தில் மழை. அந்த மழை டிவிக்குள்ளே பெய்யாமல் ஜி.எம். முதுகுக்குப் பின்னால் பெய்திருக்கிறது. மனுஷன் எழுந்து போய், பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணியையெல்லாம் எடுத்து உள்ளே போட்டுவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தாராம். கார் டிரைவர் சொன்னது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சர்க்குலர் வந்துவிட்டது. "நவீன காலத்தின் ஒலி அனுபவம் கடைநிலைத் தொழிலாளியையும் சென்றடைய வேண்டும் என்ற உயரிய நோக்கில், மனமகிழ் மன்றக் கூடத்துக்கு ஐந்து புள்ளி ஒன்று வகை ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் அமைப்பை ஆராய்ந்து தேர்ந்தெடுக்க ஐவர் குழு இதனால் அமைக்கப்படுகிறது."

கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓசூர் ரோட்டோரம், ஃபேக்டரி மதிலை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம். முன்னூறு நாற்காலி, ஒரு மேடை, ஒரு டிவி. சாவி என்னிடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் ஓடும். மற்றபடி தொழிலாளி வீட்டுக் கல்யாணம் எல்லாம் அங்கேதான். ஈஜிபுராவில் குடியிருக்கும் எங்கள் ஜனத்தில் பாதிப் பேர் அந்த மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள்தான்.

குழுவுக்குத் தலைவர் வைத்தீஸ்வரன். நிர்வாகப் பிரிவின் டி.ஜி.எம். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறை. தாத்தா மகாராஜா காலத்து உத்தியோகஸ்தர். ஃபைலைத் திறக்காமல் மணி கூடச் சொல்ல மாட்டார். அக்கவுண்ட்ஸிலிருந்து ஜோசஃபின் மேடம். பர்ச்சேஸிலிருந்து கோவிந்தப்பா, கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. மீதி இரண்டு பேர் கையெழுத்துப் போட மட்டும் வந்ததால் அவர்களை விட்டுவிடலாம்.

முதல் கூட்டத்தில் ஜோசஃபின் மேடம் கேட்டார்: "சார், ஹோம் தியேட்டர்னா வீட்டுக்குத்தானே? கூடத்துக்கு எதுக்கு?"

வைத்தீஸ்வரன் ஃபைலைப் புரட்டினார். "நிறுவனம் ஒரே குடும்பம்னு போன வருஷமே சர்க்குலர் வந்திருக்கு, மேடம். குடும்பம் இருக்கிற இடம் வீடு. ஆகவே கூடம் வீடு."

அடுத்து கோவிந்தப்பாவுக்கு ஒரு சந்தேகம். "சார், அஞ்சு ஸ்பீக்கர், அஞ்சு மெம்பர். ஹௌது, சரி. பாயிண்ட் ஒன்னு இருக்குதே, அதுக்கு யாரு மெம்பர்?"

"நியாயமான கேள்வி. நாளைக்கு ஆடிட்ல கேட்பா," என்றார் வைத்தீஸ்வரன்.

"பத்துல ஒரு பங்கு ஆளுக்கு எங்க சார் போறது?" என்றார் ஜோசஃபின் மேடம்.

அந்த நேரம் பார்த்து நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். மத்தியானம் ஆர்டர் வந்துவிட்டது. "கூடப் பொறுப்பாளர் சுந்தரமூர்த்தி குழுவின் புள்ளி ஒன்று உறுப்பினராக நியமிக்கப்படுகிறார். பத்துக் கூட்டத்துக்கு ஒரு முறை அவர் கருத்துத் தெரிவிக்கலாம்." ஒன்பது கூட்டம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாவது கூட்டத்தை ரத்து செய்துவிட்டு நேராகப் பதினோராவதுக்குப் போய்விட்டார்கள்.

டெண்டரில் மூன்று கம்பெனி வந்தது. யாருக்கும் பாரபட்சம் கூடாது என்பதற்காகப் பெயரை மறைத்து அ, ஆ, இ என்று வைத்தார்கள். பெட்டி மேலே பெயர் கொட்டை எழுத்தில்தான் இருந்தது. அதை யாரும் படிக்கக் கூடாது என்று தனி ஆர்டர் போட்டார்கள்.

"மூணையும் போட்டுக் கேட்டுட்டு நல்லதை எடுத்துக்கலாமே," என்றார் ஜோசஃபின் மேடம்.

கோவிந்தப்பா பதறிப் போனார். "பேடா மேடம், வேண்டாம்! ஒரு தடவை கேட்டுட்டா அது யூஸ் பண்ணின சாமான். யூஸ் பண்ணின சாமானைக் கம்பெனி வாங்கக் கூடாது, ரூல் இருக்குது."

"அப்ப கேட்காமலே வாங்கணுமா?"

"வாங்கிட்டுக் கேளுங்க."

"நல்லா இல்லேன்னா?"

"நல்லா இல்லேன்னா அது மெயின்டெனன்ஸ் டிபார்ட்மெண்ட். பர்ச்சேஸ் இல்ல."

இந்த இடத்தில் ஒரு மாசம் நின்றது. அப்புறம்தான் வைத்தீஸ்வரனின் பையன் ஷ்ரேயாஸ் கௌரவ ஆலோசகராக வந்து சேர்ந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. ஸ்பீக்கர் பற்றி மட்டும் நாலு பத்திரிகை வரவழைத்துப் படிக்கிற பிள்ளை. பாட்டு பிடிக்குமா என்று கேட்டால், "பாட்டு இல்லை அங்கிள், நான் ரெக்கார்டிங் கேட்கறேன்" என்பான்.

ஷ்ரேயாஸ் ஒரு நாள் குழுவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், விளக்கை அணைத்து, வயலின் சிடி ஒன்றைப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு, "கவனியுங்கோ. வயலின்காரர் இடது பக்கம், கொஞ்சம் பின்னாடி தள்ளி, மூணாவது நாற்காலியில உட்கார்ந்து வாசிக்கிறார். தெரியறதா?" என்றான்.

இருட்டில் எல்லோரும் இடது பக்கம் பார்த்தார்கள். கோவிந்தப்பா என் காதில், "பாவம், அவருக்குக் காபி கொடுத்தாங்களா?" என்றார்.

ஆனால் யாரும் தெரியவில்லை என்று சொல்லவில்லை. வைத்தீஸ்வரன், "நன்னாத் தெரியறதுடா. வேஷ்டி கட்டிண்டிருக்கார்" என்றார்.

அன்றைக்கு ஷ்ரேயாஸ் இரண்டு உபதேசம் செய்தான். முதலாவது: நல்ல ஸ்பீக்கர் கனமாக இருக்க வேண்டும். குழுவுக்கு உயிர் வந்தது. கேட்கத்தானே கூடாது, எடை போடலாமே! எடை போட்டால் சாமான் பழசாகாது. எங்களுடையதோ தராசு ஃபேக்டரி. மறுநாளே மூன்று கம்பெனிப் பெட்டிகளையும் லாரித் தராசில் ஏற்றினார்கள். சேதி வெளியே போய்விட்டது போலிருக்கிறது. அடுத்த வாரம் மூன்று கம்பெனியும் "திருத்தப்பட்ட மாடல்" கொண்டுவந்தது. ஒரு பெட்டியைத் தூக்க நாலு ஆள். குலுக்கினால் உள்ளே மணல் சரிகிற சத்தம். ஷ்ரேயாஸ் அதைக் கேட்டு, "மணல் ரொம்ப அட்வான்ஸ்ட் டெக்னாலஜி" என்றான். மூன்றும் சமமான எடை என்று முடிவாகி, மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார்கள்.

இரண்டாவது உபதேசம்தான் வினை. ஸ்பீக்கர் பாதி, கூடம் பாதி என்றான். ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் சத்தம் மாறிவிடுமாம்.

மறுநாள் கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். "ஒலியியல் நிலை மாறாமல் பாதுகாக்கப்படும் பொருட்டு" என்று நோட்டீஸ். முன்னூறு நாற்காலியின் ஆயிரத்து இருநூறு காலையும் சுற்றி நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஒட்டடை அடிக்கக் கூடாது. ஒட்டடை சத்தத்தை மெத்தென்று ஆக்குமாம். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது நிலையா நடமாட்டமா என்று கேட்டு ஃபைல் போயிற்று. ஆவணி மாசம் வரை பதிவாகியிருந்த கல்யாணம், காதுகுத்து எல்லாம் ரத்து.

அதில் ஒன்று மரகதம் பெண்ணின் கல்யாணம்.

மரகதம் எங்கள் கேன்டீனில் இட்லி ஊற்றுகிறவள். புருஷன் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்து, பணியிலிருக்கும்போதே போய்விட்டான். மகள் வைஷ்ணவியை பி.காம். படிக்கவைத்து, ஆனேக்கல்லில் கவியரசன் என்ற பையனைப் பேசி முடித்திருந்தாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். பத்திரிகையில் எங்கள் கூடத்தின் பெயர்தான்.

நேராக வைத்தீஸ்வரன் அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"என்னா சார் இது? ஊருக்கெல்லாம் பத்திரிகை வெச்சாச்சு. கூடத்தைப் பூட்டிட்டீங்களாமே?"

"பூட்டலேம்மா. ஒலியியல் நிலை பாதுகாக்கப்பட்டிருக்கு."

"அப்ப தொறந்து விடுங்க."

"பாதுகாத்ததை எப்படித் திறக்கறது?"

"நாலு மணி நேரம் சார். தாலி கட்டி, சாப்பாடு போட்டு, கூட்டித் துடைச்சுக் கொடுத்துட்டுப் போயிடறோம்."

"ஐயோ, கூட்டவே கூடாது! அதுவும் இல்லாம, மனுஷா உடம்பு சத்தத்தை உறிஞ்சிடும்மா. முன்னூறு பேர் வந்து உட்கார்ந்தா நிலையே மாறிடும்."

மரகதம் முந்தானையை இடுப்பில் செருகினாள். "எங்க ஜனங்க எதையும் உறிஞ்சிக்கிட்டுப் போறவங்க இல்ல சார். சந்தேகம்னா போறப்ப வாசல்ல நின்னு ஆளாளுக்குச் சோதிச்சு அனுப்புங்க."

ஜோசஃபின் மேடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கல்யாண வயசில் பெண் இருந்தாள். டெண்டர் காகிதத்தை மெதுவாகப் புரட்டினார். "சார், பதினாலாவது நிபந்தனையைப் பாருங்க. 'உண்மையான பயன்பாட்டுச் சூழலில், முன்னூறு பேருக்குக் குறையாத பார்வையாளர் முன்னிலையில், சோதனை ஓட்டம் நடத்தப்படும்.' சோதனை ஓட்டம்னா அது யூஸ் பண்ணினதா ஆகாது. முன்னூறு பேருக்கு எங்க போறது? வேலை நேரத்துல கூட்டினா உற்பத்தி போகும். லீவு நாள்ல கூட்டினா ஓவர்டைம் கேட்பாங்க."

மரகதம் சட்டென்று சொன்னாள்: "என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னூறு பேர் வராங்க சார். ஓவர்டைம் கேக்க மாட்டாங்க. சாம்பார் கேப்பாங்க, அவ்வளவுதான்."

அப்படித்தான் வைஷ்ணவியின் கல்யாணம் "பயன்பாட்டுச் சூழல் சோதனை" என்று ஃபைலில் ஏறியது. மரகதம் மூன்று காப்பியில் கையெழுத்துப் போட்டாள். நாதஸ்வரம் மைக் வழியாக ஸ்பீக்கரில்தான் வர வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் மார்க் போடும் படிவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பின பிறகே பந்தி.

தகராறு கெட்டிமேளத்தில் வந்தது. ஸ்பீக்கரின் திறமை தெரிவது கெட்டிமேளத்தில்தான், அது எங்களுக்கே வேண்டும் என்று மூன்று கம்பெனியும் மல்லுக்கு நின்றது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற இருவர் கோர்ட்டுக்குப் போவார்கள். குழு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது.

"கல்யாணத்துல எத்தனை முடிச்சு?" என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

"மூணு," என்றாள் மரகதம்.

"கம்பெனி?"

"மூணு," என்றார் கோவிந்தப்பா. சொன்னவுடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "முடிஞ்சுது சார்!"

ஒரு கம்பெனிக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு கெட்டிமேளம். நடுவில் வயரை மாற்றப் பதினைந்து நிமிஷம். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டை மாப்பிள்ளையின் அக்கா போடுவதுதான் எங்கள் வழக்கம். அதெல்லாம் ஆகாது, ஆள் மாறினால் சோதனை ஒரே சீராக இருக்காது, மூன்றையும் ஒரே நபர் ஒரே வேகத்தில் போட வேண்டும் என்று எழுதினார்கள். மாப்பிள்ளையின் அக்கா கோபித்துக்கொண்டு போய்விட, காலில் விழுந்து கூட்டிவந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். சாக்பீஸ் வட்டத்துக்குள் நாற்காலி அசையாமல் உட்கார்ந்தார்கள், மிஞ்சினவர்கள் தரையில். கம்பெனிக்குக் கம்பெனி மேடையில் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, பின்பக்கம் சாப்பாட்டுப் பந்தல் ஓரம் இரண்டு, அம்மி பக்கத்தில் புள்ளி ஒன்று என்கிற, தரையை அதிர வைக்கிற அந்தக் குண்டுப் பெட்டி. குழு முதல் வரிசையில். ஷ்ரேயாஸ் சரியாக நடு நாற்காலியில், கண்ணை மூடி.

ஒன்பதரைக்கு முதல் முடிச்சு, கம்பெனி அ. "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" குண்டுப் பெட்டி ஒரு முக்கு முக்கியது பாருங்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை கிடுகிடுத்து, இத்தனை நாள் பாதுகாத்த ஒட்டடை மொத்தமும் அக்கினியில் வந்து விழுந்தது. ஐயர் இருமினார். மந்திரம் நின்றது. குழு குறித்துக்கொண்டது.

ஒன்பது ஐம்பதுக்கு இரண்டாவது முடிச்சு, கம்பெனி ஆ. இதில் பின்பக்க ஸ்பீக்கர் பலமாக வேலை செய்தது. மேளச் சத்தம் சாப்பாட்டுப் பந்தல் பக்கமிருந்து வரவும், பந்தி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நூறு பேர் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். "உட்காருங்க, உட்காருங்க, இன்னும் ஒரு முடிச்சு பாக்கி!" என்று கத்தி உட்கார வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாவதுக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கவியரசன் தாலிக் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி குனிந்தே நின்றான். "சார், கை மரத்துப் போச்சு."

"இன்னும் நாலே நிமிஷம்ப்பா," என்றார் வைத்தீஸ்வரன். "வேகம் மாறாம இருக்கட்டும்."

மணி பத்து பத்தொன்பது. கம்பெனி இ-காரன் கட்டை விரலைத் தூக்கினான். ஐயர் கையைத் தூக்கினார். கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கட்டு தம்பி!" என்றாள் மரகதம்.

"நிறுத்து, நிறுத்து!" வைத்தீஸ்வரன் எழுந்துவிட்டார். "கரண்ட் இல்லாம முடிச்சுப் போட்டா கம்பெனி இ-க்குச் சம வாய்ப்பு மறுத்த மாதிரி ஆயிடும்."

"பத்தரைக்கு முகூர்த்தம் முடியுது சார்!"

"முகூர்த்தத்தை நீட்டிக்கச் சொல்லி ஐயருக்கு ஒரு லெட்டர் கொடுக்கறேன்."

ஐயர், "எனக்கு அந்தப் பவர் இல்லை" என்றார்.

"மேலிடம் யாரு?"

ஐயர் மேலே கையைக் காட்டினார். வைத்தீஸ்வரனும் மேலே பார்த்தார். அங்கே நின்றுபோன ஃபேன்தான் இருந்தது.

ஐந்து நிமிஷம் போயிற்று. ஆறு போயிற்று. வைஷ்ணவி குனிந்த தலை நிமிரவில்லை. மரகதம் மேடையிலிருந்து இறங்கி நாயனக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, உங்க நாயனம் கரண்ட்ல ஓடுதா?"

"இல்லம்மா. மூச்சுல."

"அப்ப ஊதுங்கய்யா!"

அந்த மனுஷன் மைக்கை ஒரு தள்ளு தள்ளிவிட்டு எடுத்தார் பாருங்கள்! தவில்காரர் அடித்தார். கூடமே நிறைந்தது. பத்து இருபத்தாறுக்கு மூன்றாவது முடிச்சு விழுந்தது. மஞ்சள் அரிசியைப் போட்டோம். மரகதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பந்தலுக்குப் போகும் வழியில் படிவத்தைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் முதல் பந்தியில் இடம் பிடிக்கிற அவசரம். கடைசியாகக் காதில் நின்றது எது? மூன்றாவது கெட்டிமேளம். மூன்றாவது கட்டத்தில் பத்துக்குப் பத்து. நானும் அப்படித்தான் போட்டேன். வடை ஆறிக்கொண்டிருந்தது.

ஷ்ரேயாஸ் தனியாக நாலு பக்க ரிப்போர்ட் எழுதினான். "கம்பெனி இ-யின் ஒலி இயற்கைக்கு மிக அருகில் உள்ளது. இரைச்சல் அறவே இல்லை. கருவி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கலைஞர் நேரில் நின்று வாசிப்பது போன்ற பிரமை." கரண்ட் போனது தெரியாதா என்று ஜோசஃபின் மேடம் கேட்டதற்கு, "நான் கண்ணைத் திறக்கலையே ஆன்ட்டி. கண்ணைத் திறந்தா கேட்கறது குறையும்" என்றான்.

ஆர்டர் கம்பெனி இ-க்குப் போயிற்று.

கம்பெனி அ சும்மா இருக்குமா? மேலே எழுதிப் போட்டது. ஹெட் ஆபீஸிலிருந்து வெங்கடராமன் என்று ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்து சேரும்போது அடுத்த வருஷம் சித்திரை. கறாரான மனுஷன். நேரத்தையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்து, இரண்டே வழிதான் என்றார். மூன்றாவது முடிச்சின்போது ஸ்பீக்கர் ஒலித்ததா, இல்லையா? ஒலித்தது என்றால் தேர்வு சரி. ஒலிக்கவில்லை என்றால் சோதனை செல்லாது. அதே கூடத்தில், அதே முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னிலையில், மூன்றாவது முடிச்சை அவிழ்த்து, கரண்ட் இருக்கும்போது மறுபடி போட வேண்டும். ஆளுக்கொரு மெமோ வந்தது: பார்வையாளர் தான் கேட்டதை ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும்.

மரகதத்துக்கு வேறொரு தொந்தரவும் இருந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்ய, இன்ன கூடத்தில் இன்ன தேதியில் நடந்தது என்று எங்கள் ஆபீஸ்தான் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். அதை வாங்கப் போனபோது வைத்தீஸ்வரன் எழுதிக் கொடுத்தார்: "மேற்படித் திருமணம் இரண்டு முடிச்சு அளவில் நடைபெற்றுள்ளது. மூன்றாவது நிலுவையில் உள்ளது."

"இன்னா சார் எழுதியிருக்கீங்க? தாலி கட்டி எட்டு மாசமாச்சு."

"அதுவும் ஒரு ஆட்சேபணைம்மா. இறுதி ஒப்புதல் கிடைக்கறதுக்கு முன்னாடியே பயன்பாட்டுக்கு வந்துடுத்துன்னு வெங்கடராமன் சார் கேட்கறார். பேசாம மூணாவது முடிச்சை ஒரு அஞ்சு நிமிஷம் அவிழ்த்து..."

"வாயைக் கழுவுங்க சார்!"

அன்று மரகதம் கேன்டீனுக்கு வரவில்லை. ஈஜிபுராவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். என் வீட்டுக்கும் வந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு ஸ்பீக்கர் பாடுச்சுன்னு எழுதிக் கொடுங்க."

"கரண்ட் இல்லாமயா?"

"பாடுச்சுன்னு எழுதுங்கண்ணா. இல்லேன்னா அவிழ்க்கச் சொல்லுவாங்க."

எழுதினேன். நான் மட்டுமா? தாலியை அவிழ்க்கவிட யாருக்கு மனசு வரும்? அதோடு, பத்து மார்க் போட்டவன் எதைக் கேட்டுப் போட்டாய் என்றால் வடையைக் கேட்டு என்றா சொல்ல முடியும்? முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுதினோம். கம்பெனி இ-யின் ஸ்பீக்கர் கரண்ட் இல்லாமலே கணீரென்று ஒலித்தது, நேரில் கேட்டோம், இது சத்தியம். நாயனக்காரர் கூட எழுதிக் கொடுத்தார். தான் சும்மா வாயில் வைத்திருந்ததாக.

வெங்கடராமன் இத்தனை ஒற்றுமையான சாட்சியத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். மரகதத்துக்குப் புது சர்டிபிகேட் கிடைத்தது. மூன்று முடிச்சும் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "மூன்றாவது முடிச்சு, சம்பந்தப்பட்ட ஒலி அமைப்பின் ஆறு மாதத் திருப்திகரமான செயல்பாட்டுக்கு உட்பட்டது."

ஸ்பீக்கர் வந்தது. ஆறு பெட்டியையும் மாட்டினோம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. கரண்ட் இல்லாமல் இயங்குவதாக முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் சான்றளித்த கருவி உள்ள கூடத்துக்கு மின் இணைப்பு வீண் செலவு, உடனே துண்டிக்கவும்.

ஜோசஃபின் மேடத்திடம் ஓடினேன். "என்ன மேடம் இது?"

"நான் என்ன பண்ணட்டும், சுந்தரமூர்த்தி? ஆடிட்ல கேட்கறாங்க. வேலை செய்யாதுன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்தா உடனே கனெக்‌ஷன் கொடுத்துடறேன். நீங்க எழுதறீங்களா?"

நான் வந்துவிட்டேன்.

அந்த ஆறு மாசக் கணக்குக்காக இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும். வாசலில் ரிஜிஸ்டர். உள்ளே இருட்டு. டிவியும் கிடையாது, ஃபேனும் கிடையாது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் வேர்த்துக்கொண்டு, ஆறு பெட்டியைப் பார்த்தபடி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். முடிந்ததும் "செயல்பாடு திருப்திகரம்" என்று கையெழுத்து.

போன வாரம் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் மரகதம். குனிந்து, "ஒண்ணுமே கேக்கலையேம்மா" என்றேன்.

"மெதுவாப் பேசுங்கண்ணா," என்றாள் அவள். "என் பொண்ணு வயித்துல இது ஏழாம் மாசம்."

பின் வரிசையிலிருந்து ஒருத்தன் அதட்டினான்: "யாருப்பா அது முன்னாடி பேசறது? பாட்டைக் கேக்க விடுங்கப்பா!"